க்யூவில் நின்றவர்கள் எல்லாரும் ராஜபக்தர்களா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

2022 செப்டம்பர் 15, வியாழக்கிழமை. நான் அப்போ ஆன்சைட் வேலையா லண்டன்ல இருந்தேன். ஆபீஸ் முடிஞ்சதும் ரூமுக்குப் போகாம, இரண்டாம் எலிசபெத் ராணியோட சவப்பெட்டியைப் பார்க்க க்யூவில் போய் நின்னேன். ராத்திரி முழுக்க, ஒன்பது மணி நேரத்துக்கு மேல. விடியற்காலையில வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள்ள போய், சவப்பெட்டிக்கு நேரா வந்தப்போ, தலை குனிஞ்சேன்.

யாரும் என்னைக் குனியச் சொல்லல. பிறப்பை வச்சு ஒருத்தருக்குப் பதவி கிடைக்கிறது தப்புன்னு இந்த மைக் முன்னாடி பல தடவை பேசினவன் நான். அன்னைக்கு வீட்டுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அப்பா ரெண்டு செகண்ட் பேசவே இல்லை. அப்புறம், "அவங்க நம்மள ஆண்டவங்கடா. அங்க போய் ராத்திரி முழுக்க நின்னியா?"ன்னு கேட்டார். பின்னாடி இருந்து அப்பத்தா குரல்: "தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் வேலை பார்த்த பொம்பளை. போய்ப் பார்த்தா என்ன குறைஞ்சு போச்சு?"

எனக்கு ரெண்டு பேர் சொன்னதும் சரின்னு பட்டுச்சு. அதுதான் பிரச்சினை. ஒரே விஷயத்தைப் பத்தி ஒரே ஆளுக்கு ரெண்டு உணர்வு எப்படி வருது? நான் குழம்பிப் போயிருக்கேனா, இல்ல அந்த ஏற்பாடே அப்படித்தான் வேலை செய்யுதா? இதுதான் இன்னைக்கு டாபிக்.

க்யூவில் யார் இருந்தாங்க?

முதல்ல அந்த க்யூவைப் பத்திச் சொல்லிடறேன். எலிசபெத் 1952 பிப்ரவரியில் ராணியானார். 70 வருஷம் ஆட்சியில் இருந்து, 2022 செப்டம்பர் 8-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையில் இறந்தார். செப்டம்பர் 14 மாலையிலிருந்து 19 காலை வரை அவருடைய சவப்பெட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைக்கப்பட்டது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்து பார்த்தாங்க.

க்யூ தேம்ஸ் நதியோட தென்கரை வழியா, லண்டன் ஐ, டேட் மாடர்ன், டவர் பிரிட்ஜ் எல்லாம் தாண்டி சதக் பூங்கா வரைக்கும் நீண்டுச்சு. கையில் நம்பர் போட்ட பட்டை கட்டிவிடுவாங்க. க்யூவோட கடைசி இப்போ எங்க இருக்குன்னு அரசாங்கமே யூடியூப்ல லைவா காட்டுச்சு. ஒரு சாஃப்ட்வேர் ஆளா நான் அதைப் பார்த்து அசந்து போனேன்னு ஒத்துக்கிறேன். நான் வெளியே வந்த வெள்ளிக்கிழமை காலையில, பூங்கா நிரம்பி வழிஞ்சதால புதுசா ஆட்களைச் சேர்க்கிறதையே கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க. அன்னைக்குப் போனவங்க 24 மணி நேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்துச்சு.

ஒன்பது மணி நேரம் பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட பேசாம இருக்க முடியாது. எனக்கு முன்னாடி ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். 2020 கொரோனா சமயத்தில் அவங்க அம்மா இறந்திருக்காங்க. இறுதிச்சடங்குக்கு விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆள் அனுமதி. 2021 ஏப்ரலில் ராணியோட கணவர் பிலிப் இறந்தப்போவும் அதே விதிதான். 30 பேருக்குத்தான் அனுமதி, ராணி தேவாலயத்தில் தனியா உட்கார்ந்திருந்த போட்டோ உலகம் முழுக்கப் போச்சு. "அவங்களும் எங்களை மாதிரியே தனியா உட்கார்ந்தாங்க. எங்கம்மாவுக்கு நான் சரியா செய்யல. அதுக்குத்தான் இங்க நிக்கிறேன்"னு சொன்னாங்க அந்த நர்ஸ்.

பின்னாடி ஒரு யுனிவர்சிட்டி பையன். மன்னராட்சியே வேண்டாம்னு சொல்ற ஆள். "நாளைக்கு ஓட்டெடுப்பு வச்சா ஒழிக்கணும்னுதான் போடுவேன். ஆனா இது சரித்திரம், எப்படி மிஸ் பண்றது?"ன்னான். அவனுக்குப் பக்கத்துல ஒரு பஸ் டிரைவர். அப்பா கானாவிலிருந்து வந்தவர். ஆப்பிரிக்காவை பிரிட்டன் என்ன செஞ்சதுன்னு அரை மணி நேரம் எனக்கு கிளாஸ் எடுத்தார். எடுத்துட்டு, ஃபிளாஸ்க்ல இருந்து டீ ஊத்திக் கொடுத்து, க்யூவில் என்கூடவே நகர்ந்தார்.

நாலு பேர், நாலு காரணம். என்னையும் சேர்த்துத்தான். மறுநாள் டிவியில் எங்க நாலு பேரையும் ஒரே வார்த்தையில் சொன்னாங்க: ராஜ குடும்பத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் அன்பு.

அந்த இடத்துலதான் எனக்குள்ள ஏதோ இடிச்சுது.

சட்டப்படி விழாவே தேவையில்லை

நிறைய பேர் தப்பா நினைச்சுட்டு இருக்கிற ஒரு விஷயம். முடிசூட்டு விழா நடந்தாத்தான் ஒருத்தர் மன்னர் ஆவார்னு இல்லை. பிரிட்டிஷ் சட்டப்படி, முன்னவர் உயிர் போகும் அந்த நொடியிலேயே அடுத்தவர் மன்னர். நடுவில் ஒரு நிமிஷம்கூட இடைவெளி கிடையாது. சர்வர் பாஷையில் சொன்னா, டவுன்டைமே இல்லாத ஃபெயில்ஓவர்.

இதுக்கு ஆதாரம் எட்டாம் எட்வர்ட். 1936 ஜனவரியில் மன்னரானார். இருமுறை விவாகரத்தான வாலிஸ் சிம்ப்சனைத் திருமணம் செய்துகொள்வதற்காக அதே வருஷம் டிசம்பரில் பதவி விலகினார். அவருக்கு முடிசூட்டு விழா நடக்கவே இல்லை. இருந்தும் அந்த பதினொரு மாசமும் அவர் முழுமையான மன்னர்தான். ஐரோப்பாவில் இன்னும் சில முடியாட்சிகள் இருக்கு: ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து, ஸ்பெயின் இப்படி. அவங்க யாரும் இப்போ தலையில் கிரீடம் வைக்கிற விழா நடத்துறது இல்லை. அதை விடாமப் பிடிச்சு வச்சிருக்கிறது பிரிட்டன் மட்டும்தான்.

அதிகாரம்னு பார்த்தாலும் பெருசா ஒண்ணும் மிச்சமில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றின சட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்க மறுத்த கடைசி ஆள் ஆன் ராணி. அது நடந்தது 1708-ல். ஆட்சி நடத்துறது பிரதமர். மன்னருக்கு மிஞ்சினது விழாதான்.

சட்டத்துக்கும் தேவையில்லை, ஆட்சிக்கும் தேவையில்லை. ஆனா செலவு சும்மா இல்லை. ராணியின் இறுதிச்சடங்குக்கும் அஞ்சலி ஏற்பாட்டுக்கும் சேர்த்து அரசாங்கம் செலவு பண்ணினது சுமார் 16.2 கோடி பவுண்டு. 2023 மே மாதம் சார்லஸுக்கு நடந்த முடிசூட்டு விழாவுக்கு போலீஸ் பாதுகாப்போட சேர்த்து சுமார் 7.2 கோடி பவுண்டு. இது எந்தக் காலத்துலன்னு பாருங்க. 2022 அக்டோபரில் அங்க பணவீக்கம் 11.1 சதவீதம், நாற்பது வருஷத்துல இல்லாத உயரம். ஹீட்டர் போடுறதா, சாப்பாடு வாங்குறதான்னு கணக்குப் போடுற வீடுகள் இருந்தப்போ. ராணியின் இறுதிச்சடங்கு நாள் பொது விடுமுறைங்கறதால சில ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்கள் தள்ளிப்போச்சு. சில இடங்களில் ஏழைகளுக்கு உணவுப்பொருள் கொடுக்கிற மையங்களும் மூடப்பட்டன.

அப்போ இவ்வளவு செலவு பண்ணி அந்த விழா என்னதான் செய்யுது?

இது எவ்வளவு பழசு?

ஆயிரம் வருஷப் பாரம்பரியம்னு வர்ணனையாளர்கள் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதையா கேளுங்க. சில விஷயங்கள் உண்மையிலேயே பழசு. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் முடிசூட்டு விழா 1066-லிருந்து நடக்குது. ஆனா கைக்கடிகார முள் மாதிரி ஒரு பிசிறு இல்லாம நடக்குற அந்த ஒழுங்கு இருக்கே, அது ரொம்பப் புதுசு. டேவிட் கேனடைன்னு ஒரு வரலாற்றாய்வாளர் 1983-லேயே இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார்.

1838-ல் விக்டோரியாவுக்கு நடந்த முடிசூட்டு விழாவை எடுத்துக்குங்க. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். சரியான ஒத்திகை கிடையாது. சுண்டு விரலுக்குச் செஞ்ச மோதிரத்தைப் பேராயர் மோதிர விரலில் போட்டு அமுக்கிட்டார். பிறகு அதைக் கழட்ட ராணி படாத பாடு பட்டார். மரியாதை செலுத்த வந்த ஒரு வயசான பிரபு படியில் உருண்டு விழுந்தார். ஒரு பாதிரியார் புத்தகத்தில் ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிட்டு, விழா முடிஞ்சுதுன்னு ராணியை அனுப்பி வச்சுட்டார். அப்புறம் திரும்பக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.

அந்தக் காலத்தில் அரச குடும்பத்துக்குக் கையில் நிஜமான அரசியல் செல்வாக்கு இருந்துச்சு. செல்வாக்கு இருந்தவரைக்கும் விழா எப்படிப் போனாலும் பெரிய கவலை இல்லை. அதிகாரம் குறையக் குறையத்தான் விழா மெருகேறிச்சு. இது கேனடைன் சொல்ற முக்கியமான பாயின்ட். எனக்கும் இது சரின்னுதான் படுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. 2022 இறுதிச்சடங்கைப் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சவப்பெட்டி இருந்த பீரங்கி வண்டியை 142 கடற்படை மாலுமிகள் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனாங்க. அவ்வளவு கம்பீரம். அது எப்படி ஆரம்பிச்சது தெரியுமா? 1901-ல் விக்டோரியாவின் இறுதி ஊர்வலம். வின்ட்சர் ரயில் நிலையத்துக்கு வெளியே குளிரில் ரொம்ப நேரம் நின்ன குதிரைகள் மிரண்டு, பூட்டியிருந்த கயிறுகள் அறுந்துபோச்சு. என்ன செய்றதுன்னு தெரியாம, அங்க அணிவகுத்து நின்ன மாலுமிகளைக் கூப்பிட்டு, கிடைச்ச கயிறைக் கட்டி இழுக்கச் சொன்னாங்க. அடுத்த மன்னர் 1910-ல் இறந்தப்போ அதையே மறுபடியும் செஞ்சாங்க. அதுக்கப்புறம் அது மரபு.

நம்ம துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். ப்ரொடக்‌ஷன்ல ஒரு நாள் ராத்திரி அவசரத்துக்குப் போட்ட ஒட்டுவேலை, நாளடைவில் யாரும் கைவைக்கத் துணியாத ஃபீச்சர் ஆயிடும். நான் ஒன்பது மணி நேரம் நின்ன அஞ்சலி ஏற்பாடும் அப்படித்தான். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஒரு மன்னரின் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வச்சதே 1910-ல்தான் முதல் தடவை.

இதைச் சொல்லி, "எல்லாம் டூப்பு"ன்னு முடிச்சுடலாம். ஆனா அது நியாயமா இருக்காது. புதுசா உருவான சடங்குக்குள்ளயும் உண்மையான அழுகை இருக்கும். அந்த நர்ஸ் அழுதது டூப்பு இல்லை.

எண்ணிக்கையில் வராத மனசு

கருத்துக்கணிப்புகளைப் பார்க்கலாம். 2023 முடிசூட்டு விழாவுக்கு முன்னாடி பிபிசிக்காக யூகவ் நிறுவனம் ஒரு கணிப்பு நடத்துச்சு. முடியாட்சி தொடரணும்னு சொன்னவங்க 58 சதவீதம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வேணும்னு சொன்னவங்க 26 சதவீதம். ஆனா வயசு வாரியா பிரிச்சா கதையே வேற. 65 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல 78 சதவீதம் முடியாட்சி பக்கம். 18-லிருந்து 24 வயசு வரை, அதாவது இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல பல பேரோட வயசுல, 32 சதவீதம்தான். அந்த வயசுல தேர்ந்தெடுத்த தலைவர் வேணும்னு சொன்னவங்க 38 சதவீதம்.

இதே சமயத்துல யூகவ் எடுத்த இன்னொரு கணிப்புல, முடிசூட்டு விழாவைப் பத்திப் பெருசா அக்கறை இல்லை, அல்லது சுத்தமா அக்கறை இல்லைன்னு சொன்னவங்க 64 சதவீதம். ஆனா மே 6-ஆம் தேதி பிரிட்டனில் இரண்டு கோடி பேர் டிவி முன்னாடி உட்கார்ந்து அதைப் பார்த்தாங்க.

அக்கறை இல்லைன்னு சொல்லிட்டுப் பார்த்தவங்க பொய்யா சொன்னாங்க? இல்லை. ரெண்டு கேள்வியும் வேற வேற. "உனக்கு இதைப் பார்க்கணுமா?"ங்கிறது ஒரு கேள்வி. "உன் நாட்டுத் தலைவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கணுமா?"ங்கிறது வேற கேள்வி. விழா முதல் கேள்வியை மட்டும்தான் கேட்குது. வந்து நில்லு, பாரு, கொடி ஆட்டு, அழு. எதுக்காக வந்தேன்னு கேட்கவே கேட்காது. வந்தவங்க தலையை எண்ணி, ரெண்டாவது கேள்விக்கும் அதுதான் பதில்னு எழுதிக்கும்.

அந்த வசதியாலதான் இந்த ஏற்பாடு இவ்வளவு நாள் ஓடுதுன்னு நான் நினைக்கிறேன். நர்ஸோட அம்மா துக்கத்துக்கும் இடம் இருக்கு, பையனோட வேடிக்கைக்கும் இடம் இருக்கு, என்னோட தலைகுனிவுக்கும் இடம் இருக்கு. உள்ளே வர எந்த நிபந்தனையும் கிடையாது. ஆனா வெளியே வரும்போது எல்லாரும் ஒரே கணக்குல.

ஒரே ஒரு தடவை கேட்டாங்க

சரியா சொல்லணும்னா, விழாவுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. முடிசூட்டு விழாவோட ஆரம்பத்தில் மன்னரை நாலு திசைக்கும் காட்டி, இவரை ஏத்துக்கிறீங்களான்னு சபையைக் கேட்பாங்க. சபை வாழ்த்துக் கோஷம் போடும். ஆனா அந்தச் சபை அழைப்பிதழ் வாங்கி வந்தவங்க. 2023-ல் சுமார் 2,200 பேர். "இல்லை"ன்னு பதில் சொல்றதுக்கு ஸ்கிரிப்ட்ல இடமே கிடையாது.

2023-ல் ஒரு புது முயற்சி பண்ணினாங்க. வழக்கமா பிரபுக்கள் வந்து மண்டியிட்டு மன்னருக்கு விசுவாசம் சொல்லுவாங்க. அது இந்தக் காலத்துக்குப் பொருந்தாதுன்னு, அதுக்குப் பதிலா மக்களின் விசுவாசப் பிரமாணம்னு ஒரு பகுதி வச்சாங்க. வீட்டில் டிவி பார்க்கிறவங்க, பப்ல இருக்கிறவங்க, எல்லாரும் மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமா இருப்பேன்னு சத்தமா சொல்லணும்னு கான்டர்பரி பேராயர் அலுவலகம் அறிவிச்சுது.

நல்ல எண்ணத்தில்தான் செஞ்சிருக்காங்க. பிரபுக்கள் கையில் இருந்ததை மக்கள் கையில் கொடுத்தா ஜனநாயகம்தானே? ஆனா எதிர்ப்பு கிளம்பிடுச்சு. முடியாட்சியை எதிர்க்கிறவங்க மட்டும் இல்லை, விழாவை ஜாலியா பார்க்கலாம்னு இருந்தவங்களுக்கும் இது உறுத்திச்சு. கடைசியில் விழா அன்னைக்கு வார்த்தையை மாத்தினாங்க. கட்டளை மாதிரி இருந்தது, விருப்பம் உள்ளவங்களுக்கான அழைப்பு ஆயிடுச்சு. அமைதியா மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டாலும் போதும்னு ஆச்சு.

அன்னைக்கு நான் சென்னையில், மொபைல்ல லைவ் பார்த்துட்டு இருந்தேன். லண்டன் டீம்ல கூட வேலை பார்த்த ஒருத்தங்க, 50 வயசு இருக்கும், விழாவுக்காக கேக் எல்லாம் செஞ்சு வச்சுட்டு சாட்ல பேசிட்டு இருந்தாங்க. அந்தப் பிரமாணம் வந்தப்போ, "இப்போ மட்டும் சவுண்டை ம்யூட் பண்ணிட்டேன்"னு டைப் பண்ணினாங்க. அடுத்த நிமிஷம் கேக் போட்டோ அனுப்பினாங்க.

இந்த எபிசோடையே அந்த ஒரு சாட்டில் சொல்லிடலாம். பார்க்கிறதுக்குச் சம்மதம். சத்தியம் பண்றதுக்குச் சம்மதம் இல்லை.

கேள்வி கேட்டவங்களுக்கு என்ன ஆச்சு

இது வரைக்கும் கேட்டா, "சரி, யாருக்கும் நஷ்டம் இல்லையே, விட்டுடலாமே"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா நஷ்டம் இருக்கு.

ராணி இறந்த மூணாவது நாள், செப்டம்பர் 11. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸை மன்னரா அறிவிக்கும் பொது நிகழ்ச்சி. கூட்டத்தில் ஒருத்தர், "இவரை யார் தேர்ந்தெடுத்தது?"ன்னு கத்தினார். போலீஸ் அவரைக் கைது பண்ணுச்சு. பின்னாடி அவர் மேல போட்ட வழக்கு கைவிடப்பட்டது.

அவர் கேட்டது ரொம்ப அடிப்படையான கேள்வி. ஆனா துக்க வீட்டில் கேட்டுட்டார். மன்னர் மாறுகிற தருணம் பெரும்பாலும் சாவுதான். அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிற தருணமும் அதேதான். ஆனா அப்போ கேட்டா, செத்த வீட்டில் என்ன பேச்சுன்னு சொல்லுவாங்க. எட்டு மாசம் கழிச்சு முடிசூட்டு நாளில் கேட்டா, கல்யாண வீட்டில் என்ன கலாட்டான்னு சொல்லுவாங்க. அப்போ எப்போதான் கேட்கிறது?

அந்த முடிசூட்டு நாளில், மே 6 காலையில, மஞ்சள் பதாகைகளை வேன்லேர்ந்து இறக்கிட்டு இருந்த ரிபப்ளிக் அமைப்பைச் சேர்ந்த ஆறு பேரை லண்டன் போலீஸ் கைது பண்ணுச்சு. அந்த அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித்தும் அதில் ஒருத்தர். பதாகைகளைக் கட்ட வச்சிருந்த லக்கேஜ் பட்டைகளை, போராட்டக்காரர்கள் தங்களைப் பூட்டிக்கொள்ளும் கருவின்னு போலீஸ் சந்தேகப்பட்டுச்சு. அதைத் தடுக்கிற புதுச் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் கிடைச்சது மே 2. விழாவுக்கு நாலே நாள் முன்னாடி. கிட்டத்தட்ட 16 மணி நேரம் அவங்க காவலில் இருந்தாங்க. விழா முடிஞ்சு, கிரீடம் பெட்டிக்குள்ள போனதுக்கு அப்புறம்தான் வெளியே விட்டாங்க. வழக்கு எதுவும் போடல. போலீஸ் பிறகு வருத்தம் தெரிவிச்சுது.

அன்னைக்கு மொத்தம் 64 பேர் கைது. கேக் செஞ்சவங்களுக்கும் ம்யூட் பண்ற உரிமை இருந்துச்சு. தெருவில் நின்னு "வேண்டாம்"னு சொல்ல வந்தவங்களுக்கு அந்த இடம் கிடைக்கல. விழாவோட உண்மையான விலை அந்த 7.2 கோடி பவுண்டு இல்லைன்னு எனக்குத் தோணுறது இங்கதான்.

அப்போ ஏன் ஒழிக்கல?

"வேண்டாம்"ங்கிறது சுலபம். "அதுக்குப் பதில் என்ன?"ங்கிறதுதான் கஷ்டம். ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டிஷ் மன்னர்தான் நாட்டின் தலைவர். 1999 நவம்பர் 6-ஆம் தேதி, குடியரசு ஆகலாமான்னு அங்க ஓட்டெடுப்பு வச்சாங்க. குடியரசு வேணும்னு நினைச்சவங்க நிறைய பேர் இருந்தாங்க. ஆனா ஜனாதிபதியை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கணுமா, மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கணுமான்னு அவங்களுக்குள்ளேயே பிளவு. முன்வைக்கப்பட்டது நாடாளுமன்ற மாடல். சுமார் 55 சதவீதம் பேர் வேண்டாம்னு ஓட்டுப் போட்டாங்க. மன்னர் பக்கம் இருந்தவங்களும், வேற மாதிரிக் குடியரசு கேட்டவங்களும் ஒரே பெட்டியில் விழுந்தாங்க.

பார்படோஸ் வேற வழியில் போச்சு. நாடாளுமன்றத்தில் முடிவெடுத்து, 2021 நவம்பர் 30-ஆம் தேதி குடியரசு ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி ராணியின் கொடியை இறக்கினாங்க, பீரங்கி முழங்கிச்சு, அணிவகுப்பு நடந்துச்சு. அப்போ இளவரசரா இருந்த சார்லஸும் விருந்தாளியா உட்கார்ந்து பார்த்தார். குடியரசுக்கும் விழா வேண்டித்தான் இருக்கு. விழா வேணும்கிறதுக்காக மன்னர் வேணும்னு அவசியம் இல்லை.

நம்ம நாடும் இந்த ரெண்டு மனசுக்கு விதிவிலக்கு இல்லை. ராணி இறந்த அதே செப்டம்பர் 8 அன்னைக்கு, டெல்லியில் ஆங்கிலேயர் காலத்தில் கிங்ஸ்வேன்னு இருந்து ராஜ்பாத் ஆன சாலை, கர்தவ்ய பாத்னு பேர் மாறித் திறக்கப்பட்டது. இந்தியா கேட் பக்கத்தில், ஒரு காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சிலை நின்ன மண்டபத்தில் நேதாஜி சிலையும் அன்னைக்கே திறந்தாங்க. மூணு நாள் கழிச்சு, செப்டம்பர் 11, ராணிக்காக இந்தியா முழுக்க ஒருநாள் துக்கம். கொடி அரைக்கம்பத்தில். மன்னர் அடையாளத்தை அகற்றின அதே வாரம், ராணிக்குத் துக்கம். முரண்பாடா? எனக்கு அப்படித் தோணல. ஒண்ணு வரலாற்றோட கணக்கு. இன்னொண்ணு சாவு வீட்டு மரியாதை.

சின்ன விஷயம் ஒண்ணு. அப்பாவும் அப்பத்தாவும் என் க்யூ கதையில் ஒத்துப்போகல. ஆனா ரெண்டு பேரும் தினமும் காலையில பேப்பர்ல தங்கம் சவரன் என்ன விலைன்னு பார்ப்பாங்க. சவரன்ங்கிற வார்த்தையே மன்னர் தலை போட்ட பிரிட்டிஷ் தங்கக் காசோட பேர்லேர்ந்து வந்ததுதான். அதோட எடை கிட்டத்தட்ட எட்டு கிராம். ஆண்டவங்க போயாச்சு, அளவு நம்மகிட்டயே தங்கிடுச்சு.

திரும்ப அந்த மண்டபத்துக்கு

நான் தலை குனிஞ்ச மண்டபத்தைப் பத்தி ஒரு தகவல், அப்போ எனக்குத் தெரியாது. 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னரை நிறுத்தி விசாரிச்சது அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில்தான். தன் மக்கள் மேலேயே போர் தொடுத்தார்னு குற்றச்சாட்டு. மரண தண்டனை கொடுத்து, ஜனவரி 30 அன்னைக்கு நிறைவேத்தினாங்க. அதுக்கப்புறம் 1660 வரைக்கும் இங்கிலாந்தில் மன்னரே இல்லை. ஒரு மன்னரையே நிறுத்தி விசாரிச்ச மண்டபத்தில்தான், நாங்க இரண்டரை லட்சம் பேர் சத்தமே இல்லாம நடந்து போனோம்.

இப்போ யோசிச்சா, நான் குனிஞ்சதுக்கு வெட்கப்படல. ஒரு மனுஷி இறந்திருந்தாங்க. எனக்கு முன்னாடி போன நர்ஸோட தோள் குலுங்கிச்சு. அந்த இடத்தில் நிமிர்ந்து நிக்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். ஆனா அந்தக் குனிதலை யாராவது ஓட்டா எண்ணினா, அது என் ஓட்டு இல்லைன்னு சொல்லுவேன். ஆக்ஸ்ஃபோர்டில் கத்தினவர் கேட்ட கேள்வி என்னோட கேள்வியும்தான்.

ரெண்டு உணர்வு இருக்கிறது குழப்பம் இல்லை மக்களே. ஒண்ணை வச்சு இன்னொண்ணுக்குப் பதில் எழுதிக்கிறதுதான் ஆபத்து. அதை நமக்காக வேற யாராவது எழுதிக்கிட்டா இன்னும் ஆபத்து.

எபிசோடை ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டார். "எல்லாம் சரிடா. ஆனா நான் அங்க இருந்திருந்தா நின்னிருக்க மாட்டேன்"னார். நியாயம்தான். அப்பத்தா அவங்க பங்குக்கு ஒண்ணு கேட்டாங்க: "ராத்திரி முழுக்க நின்னியே, ஏதாவது சாப்பிட்டியா?"

அந்த பஸ் டிரைவர் கொடுத்த டீயைத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.